கரியில்லாத பக்கம்

இன்று காலை மொட்டை மாடிக்குப் போய் உன் உருண்டை அடுப்பின் மூடியைத் திறந்தேன். நீ சொல்லிவைத்தபடி இரண்டு துவாரங்களையும் இறுக்கி அடைத்திருந்ததில் நெருப்பு தானாக அடங்கி, பாதிக் கரி அடுத்த முறைக்கென்று அப்படியே மிச்சம் இருந்தது. குனிந்து முகர்ந்தேன். புகை, கருகிய கத்திரிக்காய்த் தோல், வாழை இலை. இன்னொரு வாசனையும் இருந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன். இருக்கிற இடத்திலிருந்து நீ இந்நேரம் மூக்கை உறிஞ்சிக் கண்டுபிடித்திருப்பாய். ஆனாலும் எனக்குச் சொல்ல ஆசையாக இருக்கிறது, குறுக்கே பேசாமல் கேள்.

நேற்று மாடி விருந்து நடந்தது. நடக்குமா என்று எனக்கே நிச்சயமில்லை. ஆவணி மழையில் ஒரு மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவள் எழுந்திருக்காமலே போய்விட்டாய். அதற்குப் பிறகு வந்த முதல் குளிர்காலம் இது. நீ இல்லாமல் அந்த அடுப்பைப் பற்றவைக்கலாமா, இல்லை தார்ப்பாயைப் போர்த்தி அப்படியே விட்டுவிடலாமா என்று மார்கழி முழுக்க மனசுக்குள் அல்லாடினேன். யாரைப் போய்க் கேட்பது? இந்த மாதிரி விஷயத்துக்கு நான் கேட்கிற ஆள் நீதானே.

அது வந்த நாள் நினைவிருக்கிறதா? உன் பிள்ளை கனடாவிலிருந்தபடியே வாங்கி அனுப்பிய பெட்டி, நம் பாலிகஞ்ச் கட்டடத்தின் குறுகல் மாடிப்படியில் ஏற மாட்டேன் என்று அடம் பிடித்தது. உன் வீட்டுக்காரர் போன பிறகு நீ ஒழுங்காகச் சமைப்பதையே விட்டிருந்த சமயம். பகலில் ஏதோ ஒரு ரசம் சோறு, ராத்திரி பொரியும் பச்சை மிளகாயும். "ஒருத்திக்கு எதுக்குட்டி அடுப்பு பத்த வைக்க?" என்பாய். நான் கீழ் வீட்டிலிருந்து குழம்பு கொண்டுவந்தால், தஞ்சாவூர்க் குழம்பில் உப்பும் இல்லை உறைப்பும் இல்லை என்று குறை சொல்லிக்கொண்டே கிண்ணத்தை வழித்துத் தின்பாய். எனக்கு உன்னை நினைத்தால் பயமாக இருந்த காலம் அது. உன்னிடம் சொன்னதில்லை.

பெட்டியைப் பிரித்து, மூன்று காலையும் பூட்டி நிறுத்தினோம். "என்னடி இது, தவலைக்குக் கால் முளைச்சாப்ல இருக்கு" என்றேன். தபால் ஆபீசில் வேலை பார்த்தவள் நீ, அச்சடித்த எதையும் ஒரு வரி விடாமல் படிப்பாய். கூட வந்த புத்தகத்தைக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தாய். கீழே இருக்கிற துவாரம் வாய், மூடியில் இருக்கிறது மூக்கு என்று பெயர் வைத்தாய். வாயை அகலத் திறந்தால் கரி காற்றைக் குடித்துத் தகதகவென்று எரியும், பாதி மூடினால் நிதானமாகும், இரண்டையும் அடைத்தால் செத்துவிடும். "ஒனக்கும் இப்படி ஒரு மூடி இருந்தா நம்ம கட்டடமே நிம்மதியா இருக்கும்ட்டி" என்று சொல்லிச் சிரித்தாய். பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் நீ சிரித்துப் பார்த்தேன்.

பிறகு புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டாய். "இத்தன கரியப் பத்த வச்சிட்டு ஒத்தக் கத்திரிக்காயவா சுட முடியும்? இது ஒருத்திக்கு எரியாதுட்டி. நாலு பேரக் கூப்பிட்டாத்தான் கட்டும்" என்றாய். உன் பிள்ளை தெரிந்து அனுப்பினானோ தெரியாமல் அனுப்பினானோ, அந்தப் பெட்டிக்குள் உனக்கு வேண்டியது இருந்தது. அந்த அடுப்பு மாடியில் நின்றால் நீ படியேறி வெளியே வருவாய், ஆட்களோடு உட்கார்ந்து சாப்பிடுவாய். அது இல்லையென்றால் மறுபடி பொரியும் பச்சை மிளகாயும்தான். எனக்கு அன்றைக்கே அது விளங்கிவிட்டது.

முதல் தடவை பற்றவைத்த கூத்தை நினைத்தால் இப்போதும் எனக்குத் தனியாகச் சிரிப்பு வருகிறது. நான் பூஜை அலமாரியிலிருந்து கற்பூரம் கொண்டுவந்தேன். "எளவு, அடுப்புக்கு ஆரத்தியா காட்டப் போற? கத்திரிக்கா பூரா கோயில் மணக்கும்" என்று தட்டிவிட்டாய். எங்கள் வீட்டுக்காரர் சும்மா இருந்திருக்கலாம். "கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊத்தினா சட்டுனு பிடிச்சுக்குமே" என்றார். "கரி பிடிக்கதுக்கு முன்னாடி ஒங்க மீசை பிடிக்கும் அண்ணாச்சி, தள்ளிப் போங்க" என்றாய். அவர் அன்று தள்ளிப் போனவர்தான், இன்றுவரை அந்த அடுப்பிலிருந்து நாலு அடி தள்ளியே நிற்கிறார்.

பழைய எண்ணெய் டின் ஒன்றின் மேலும் கீழும் வெட்டி, பக்கவாட்டில் துளை போட்டு வாங்கிவந்திருந்தாய். துர்க்கா பூஜை சமயத்தில் தூபத்துக்கு விற்கிற தென்னை நாரும் கொஞ்சம் பழைய பேப்பரும் அடியில், மேலே நம் தெரு இஸ்திரிக்காரர் வாங்குகிற கடையின் மரக்கரி. பேப்பருக்கு நெருப்பு வைத்ததும் டின் ஒரு புகைபோக்கியாகி இழுத்துக்கொண்டது. நான் அவசரப்பட்டேன். "பொறுட்டி. கரி கருப்பா இருக்கச்ச சமைக்கக் கூடாது. நம்மள மாதிரி நல்லா நரைக்கட்டும், பெறவு பாப்போம்" என்றாய். என் முந்தானையைப் பிடித்து இழுத்து இடுப்பில் சொருகிவிட்டாய். கொடியில் காய்ந்த துணியை எல்லாம் நீயே எடுத்து மறுபக்கம் போட்டாய். கட்டட வேலைக்காக ஓரத்தில் கொட்டியிருந்த மணலில் ஒரு வாளி நிரப்பிப் பக்கத்தில் வைத்தாய்.

சண்டை வந்தது கரி நரைத்து அடுப்பில் கொட்டிய பிறகுதான். ஆற்று மீன் மண் மணக்கிறது என்று கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கல்கத்தாவையே திட்டிக்கொண்டிருந்தவள் நீ. பெட்கி என்பது உங்கள் தூத்துக்குடிக் கொடுவாதான் என்று தெரிந்த பிறகு கரியாஹாட் சந்தை மீன்காரரிடம் உறவு கொண்டாட ஆரம்பித்தாய். அன்றும் ஒரு முழுப் பெட்கியை மஞ்சளும் மிளகும் புளியும் தடவி எடுத்து வந்திருந்தாய். நான் கத்திரிக்காயோடு நின்றேன். ஒரே கம்பித் தட்டு.

"என் கத்திரிக்காய் வேகற நெருப்புல உன் மீன் வேகப்படாது" என்றேன்.

"அப்ப எம் மீன எங்கட்டி வைக்க? ஒந் தலையிலயா?"

"உன் பக்கம் தனி, என் பக்கம் தனி. கரியெல்லாம் என் பக்கம்."

"பொகைக்கு ஆசாரம் தெரியுமாட்டி? மூடி ஒண்ணுதானே?"

"புகையை நான் சாப்பிடலையே."

நீ இடுக்கியை எடுத்து, கோபத்தோடு ஒரு கரி விடாமல் எல்லாவற்றையும் என் பக்கம் தள்ளினாய். உன் பக்கம் வெறுமையாகக் கிடந்தது. மீன் கம்பியில் படக்கூடாது என்று நான் லேக் மார்க்கெட் வாழை இலையில் ஒரு துண்டு கிழித்துத் தந்தேன், நீ அதில் மீனைச் சுற்றினாய். "கெடக்கட்டும், பச்சையாவே தின்னுக்கிடுதேன்" என்று சொல்லி மூடியை டங்கென்று கவிழ்த்தாய். வாயும் மூக்கும் அகலத் திறந்திருந்தன. இருவரும் ஆளுக்கொரு பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டோம். புறநகர் ரயில் ஒன்று ஸ்டேஷனைத் தாண்டிப் போனது.

மூடியைத் திறந்தபோது என் கத்திரிக்காய்கள் வெளியே கரிக்கட்டை, உள்ளே நறுக்கென்று பச்சை. உன் இலையைப் பிரித்தால் ஆவி பறந்தது, விரலால் தொட்டதும் மீன் இதழ் இதழாகப் பிரிந்தது. நீ ஒரு வாய் போட்டுக்கொண்டு கண்ணை மூடினாய். பிறகு தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாயே ஒரு சிரிப்பு! "ஆசாரம் பாத்தவ காய் கரியாப் போச்சு, தள்ளி வச்ச மீனு தளதளன்னு வெந்துருக்கு!" எனக்கும் அடக்க முடியவில்லை. புத்தகத்தை மறுபடி எடுத்துப் பார்த்தால் அதில் படமே போட்டிருந்தது: கரி ஒரு பக்கம், சமைக்கிற பண்டம் மறு பக்கம், மூடிக்குள் சூடு சுற்றிச் சுற்றி வரும் என்று அம்புக்குறியோடு. மெதுவாக வேக வேண்டியதெல்லாம் கரியில்லாத பக்கத்தில்தான் வைக்க வேண்டுமாம். படித்த உனக்கும் புரியாதது, என் பிடிவாதத்தால் புரிந்தது. இதை நான் பெருமையோடுதான் சொல்கிறேன்.

அதற்குப் பிறகு நம் ஒப்பந்தம் ஏற்பட்டது. கரி என் ஓரத்தில். கத்திரிக்காய் முதலில் அதன் மேல், தோல் கருகியதும் நடுவில் விட்டிருக்கும் சந்துக்கு நகர்ந்து அங்கே நிதானமாக வேகும். அதைத் தாண்டி மறு ஓரத்தில் உன் மீன், என் இலைக்குள். அடிக்கடி மூடியைத் தூக்கிப் பார்க்க எனக்குக் கை துறுதுறுக்கும். "நீ எட்டிப் பாத்தா வெந்துருமா? தொறந்தா உள்ள இருக்க சூடெல்லாம் போயிரும்" என்று கையில் அடிப்பாய். சுட்ட கத்திரிக்காயில் பாதியை நான் கொத்சு பண்ணினேன், பாதியை நீ கடுகெண்ணெய் விட்டு வங்காளிகள் மாதிரி பிசைந்தாய். வாசனையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வீடாக ஆட்கள் மாடி ஏற ஆரம்பித்தார்கள். நீ பொரி தின்பதை நிறுத்தினாய்.

அப்போதுதான் கட்டடக் கமிட்டி குறுக்கே வந்தது. ஒருநாள் காற்று திசை மாறி, நாம் அண்ணா முறையில் தாதா என்று கூப்பிடுகிற செகரட்டரியின் மனைவி உலர்த்தியிருந்த தாந்த் பருத்திப் புடவைகள் முழுக்கப் புகை வாசனை ஏறிவிட்டது. தாதா ஏற்கெனவே பயந்த சுபாவம். கார்த்திகை பிறந்தால் மங்கி கேப்பை மாட்டுகிறவர் பங்குனியில்தான் கழற்றுவார், நெருப்பென்றால் தீக்குச்சிக்கே இரண்டடி பின்வாங்குவார். மாடியில் நெருப்பு வேண்டாம், அடுப்பைப் பழைய இரும்பு வாங்குகிற கபாடிக்காரனிடம் போட்டுவிடுங்கள் என்றார். கூட்டத்தில் நீ வாதாடவில்லை. "தாதா, ஒரு தடவை எல்லாரும் மேலே வந்து பாருங்கள். அப்புறமும் பயமாக இருந்தால் நானே தூக்கிக் கொடுத்துவிடுகிறேன்" என்று உன் தூத்துக்குடி வங்காளத்தில் சொன்னாய். வீட்டுக்கு வந்ததும் என்னிடம், "இது போச்சுன்னா நா மேல ஏற மாட்டேம்ட்டி" என்றாய். உன் முகத்தை நான் பார்க்கவில்லை, பாத்திரம் கழுவுகிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கட்டடமே மாடியில் இருந்தது. தாதா இரண்டு வாளித் தண்ணீரோடு வந்தார். கரி நரைத்து, கத்திரிக்காய் ஏறி, மீன் ஏறி, மூடி விழுந்த நேரம் பார்த்துத் தூறல் ஆரம்பித்தது. தையில் மழை! எல்லோரும் படிக்கட்டின் தலையில் இருக்கிற சின்ன அறைக்குள் ஓடினோம். "அடுப்பையும் உள்ளே கொண்டுவந்துவிடலாம், காலைப் பிடித்துத் தூக்குங்கள்" என்று யாரோ சொல்ல, இரண்டு பேர் கிளம்பியும் விட்டார்கள்.

நீ வாசலை மறித்து நின்றாய். அவ்வளவு கோபமாக உன்னை நான் பார்த்ததில்லை. "கரி அடுப்பை அறைக்குள் வைக்கக் கூடாது. அதிலிருந்து வரும் விஷக் காற்று கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. தலை சுற்றும், தூக்கம் வரும், அவ்வளவுதான். குளிருக்குக் கணப்பு வைத்துக் கதவைச் சாத்திப் படுத்தவர்கள் கதையைக் கேட்டதில்லையா? மீன் நனையட்டும், பரவாயில்லை" என்றாய், வங்காளமும் தமிழும் கலந்து. கிளம்பிய இரண்டு பேரும் திரும்பி உள்ளே வந்தார்கள். மீன் நனைந்தால், நெருப்பு அணைந்தால், அடுப்பும் போய்விடும் என்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். தெரிந்தும் நீ அதைத்தான் சொன்னாய்.

பிறகு குடையைப் பிரித்துக்கொண்டு அடுப்புக்குப் போனாய். நானும் ஓடிவந்து உன் குடைக்குள் நுழைந்துகொண்டேன். சூடான மூடியில் தூறல் விழுந்து சுர்ர் சுர்ர் என்று ஆவியானது. நீ கையுறையோடு மூக்கைக் கொஞ்சம் சாய்த்து மூடினாய், குனிந்து வாயை இன்னும் ஒரு விரற்கடை திறந்தாய். உள்ளே அதன்பாட்டுக்கு வெந்துகொண்டிருந்தது. மழையில் இரண்டு கிழவிகள் ஒரு குடைக்குள் நின்று அடுப்புக்குக் காவல் காப்பதைக் கட்டடமே வாசலில் நெருக்கியடித்து வேடிக்கை பார்த்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது, ஒரு தோள் முழுக்க நனைந்திருந்தேன்.

தூறல் விட்டது. மூக்கை முழுக்கத் திறந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, மூடியைப் பக்கவாட்டில் மெதுவாக எடுத்தாய். எல்லாம் பதமாக வெந்திருந்தன. சாப்பிட்டு முடித்ததும் தாதா வாளியைத் தூக்கினார், கரியில் ஊற்றி அணைக்க. "ஐயோ தாதா, கொதிக்கிற ஆவி மூஞ்சியில் அடிக்கும், வாளியை வையுங்கள்!" என்று தடுத்து, வாயையும் மூக்கையும் அடைத்துக் காட்டினாய். "மூச்சு விடாமல் எது உயிரோடு இருக்கும்? காலையில் வந்து தொட்டுப் பாருங்கள்." தாதா காலையில் மங்கி கேப்போடு வந்து, நிஜமாகவே தொட்டுப் பார்த்தார். சில்லென்று இருந்தது. ஆறின சாம்பலைத் தகர டின்னில் அள்ளி, உன் செம்பருத்தித் தொட்டிக்குப் போட்டீர்கள். அடுத்த குளிர்காலத்தில் "திதி, அடுப்பு எப்போது?" என்று உன்னை அக்கா முறை வைத்து முதலில் கேட்டவரே அவர்தான்.

ஐப்பசியில் உன் பிள்ளை வீட்டைக் காலி செய்ய வந்தான். ஒவ்வொரு சாமானாகக் காட்டி, வேண்டுமா ஆன்ட்டி என்று கேட்டான். மாடிக்கு வந்து தார்ப்பாயை விலக்கி, "இது உங்களுக்கு எதுக்கு, கபாடிக்குப் போட்டுடட்டுமா?" என்றான். "தொட்டுத்தான் பாரேன்" என்றேன். பையன் பயந்துபோய்க் கையை எடுத்துக்கொண்டான். பிறகு என்னைக் கட்டிக்கொண்டு அழுதான், நானும் அழுதேன். அதோடு சரி, அழுகையை எல்லாம் அன்றைக்கே முடித்துவிட்டேன்.

நேற்றுக் காலை தாதா கீழே வந்தார். "திதி, இந்த வருஷம் எல்லாம் நிராமிஷ். நீங்கள்தானே நெருப்பைப் பார்க்கப் போகிறீர்கள், மீனெல்லாம் வேண்டாம். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்" என்றார். என்ன மரியாதை பார், இந்த வங்காளிகள் எனக்காக மீனை விட்டுக்கொடுக்கிறார்கள்! நல்லது என்று சொல்லி அனுப்பினேன்.

சாயங்காலம் நானே டின்னில் கரி போட்டேன். முந்தானையைச் சொருகினேன், மணல் வாளி வைத்தேன், கொடியைக் காலி பண்ணினேன். கரி நரைக்கும்வரை பொறுத்தேன், நம்பு, எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கையுறை மாட்டிக் கரியை என் பக்கம் கொட்டினேன். கத்திரிக்காய் ஏற்றினேன், சர்க்கரைவள்ளி ஏற்றினேன். மூடியைக் கையில் எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். பாதித் தட்டு சும்மா கிடந்தது. அடியில் ஒரு கரி இல்லை, மேலே ஒரு பண்டம் இல்லை. என் பிடிவாதத்தால் உனக்கென்று பிரித்துக்கொடுத்த இடம்.

சர்க்கரைவள்ளியை அங்கே பரத்தி வைக்கலாம், இடம் நிறைந்துவிடும் என்றார் இவர். எனக்கு வந்ததே கோபம். "ஏண்ணா, அது அவ இடம்!" என்று கத்திவிட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தாதாவைக் கூப்பிட்டேன். "பெட்கி வாங்கிண்டு வாங்கோ" என்று தமிழிலேயே சொன்னேன், அவருக்குப் புரிந்தது. மனுஷன் அந்த வயதில் படியிறங்கின வேகத்தைப் பார்க்க வேண்டுமே நீ.

மீன் வந்தது. யார் மசாலா தடவுவது என்று பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். உன் மஞ்சள், மிளகு, புளிக் கணக்கு எனக்கு மட்டும்தான் தெரியும். எத்தனை வருஷம் பக்கத்தில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்திருக்கிறேன்! வளையலை மேலே தள்ளிவிட்டு, பிறந்ததிலிருந்து தொடாத வஸ்துவைத் தொட்டேன். சில்லென்று, வழவழவென்று இருந்தது. நீ செய்கிற மாதிரி வயிற்றுக்குள் விரலை விட்டுத் தடவினேன். இலையில் சுற்றினேன். கரியில்லாத பக்கத்தில், உன் ஓரத்தில், என் கையாலேயே வைத்து மூடியைக் கவிழ்த்தேன். இவர் நாலு அடி தள்ளி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார், புகை என்று சொன்னார்.

பதமாக வெந்திருந்ததாம். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு தாதா மங்கி கேப்பைக் கழற்றினார், அதிலிருந்தே புரிந்துகொள். நான் சாப்பிடவில்லை, ஆசைப்படாதே. என் கத்திரிக்காயும் இந்தத் தடவை கருகவில்லை.

மீன் வாசனை எலுமிச்சம்பழத் தோலால் தேய்த்தால் போய்விடும் என்று நீ சொல்வாய். நேற்று ராத்திரி பழத்தை நறுக்கிக் கையில் எடுத்தேன், தேய்க்கவில்லை. இன்று காலை காபி டம்ளரைத் தூக்கும்போது விரலிலிருந்து உன் வாசனை வந்தது. அந்தக் கையாலேயே இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.